எதை 1.5-ஆல் வகுத்தாய்?

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு கணக்கை அச்செடுத்துக் கொண்டுவந்தான். வெண்ணாற்றுக் கிளை ஒன்றில் ஷட்டர் வைத்து ஆற்றுத் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் பழைய ரெகுலேட்டரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலை அது. ஒரு பக்கக் கரையில் வீடுகள் நெருங்கி இருப்பதால் மண்ணைச் சரிவாக வெட்ட இடமில்லை. ஷீட் பைல், அதாவது இரும்புத் தகடுகளை வரிசையாக மண்ணுக்குள் இறக்கித்தான் கரையைப் பிடித்து நிறுத்த வேண்டும். கடைசிப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு வரி இருந்தது: பாதுகாப்புக் காரணி 1.52, சரி. சுவரைத் தாங்கும் பலம் தேவையைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் எண் அது.

"ஒன்றரைக்கு மேல வந்துடுச்சு மேடம்," என்றான்.

"எதை ஒன்றரையால வகுத்த?" என்று கேட்டேன்.

அவன் விழித்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் போனதால் ஒரு சுவர் சாய்ந்தது. அந்தக் கதை கொஞ்சம் பின்னால் வரும்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஷீட் பைல் நமக்குப் புதிய யோசனை இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊரில் வாய்க்கால் கரை உடைந்தால் அப்பாவும் தெருக்காரர்களும் ராத்திரியோடு ராத்திரியாக ஓடுவார்கள். சவுக்குக் கட்டைகளை நெருக்கமாக வரிசை அடித்து, உட்பக்கம் கீற்றுத் தட்டி கொடுத்து, மணல் மூட்டையும் வைக்கோலும் களிமண்ணும் போட்டு மிதிப்பார்கள். கட்டை ஏன் நிற்கிறது? அதன் அடிப்பகுதியை முன்பக்க மண் பிடித்துக்கொள்வதால் நிற்கிறது. கட்டையை ஆழமாக அடிக்காவிட்டால் மூட்டையோடு சேர்ந்து சாய்ந்துவிடும். இதையே இரும்பில் செய்தால் ஷீட் பைல். ஜெர்மனியின் பிரேமன் நகரில் டிரிக்வே லார்சன் என்ற பொறியாளர் 1902-இல் யூ வடிவத் தகட்டைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தகட்டின் ஓரமும் அடுத்த தகட்டின் ஓரத்தில் கோத்துக்கொள்ளும். அதிரவைத்து இறக்கும் வைப்ரோ ஹேமரைப் பிடித்து இறக்கினால் அரை நாளில் பத்து இருபது தகடு இறங்கிவிடும்.

கணக்கின் அடிப்படையும் சவுக்குக் கட்டையின் கணக்குதான். பின்னால் இருக்கும் மண் தள்ளுகிறது, முன்னால் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கும் மண் எதிர்த்து நிற்கிறது. கூலம் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1776-லும் ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 1857-லும் இதற்குச் சூத்திரம் கொடுத்துவிட்டார்கள். மண் துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு பிடித்துக்கொள்கின்றன என்பதைக் காட்டும் உராய்வுக் கோணம் 30 பாகை உள்ள மணல் என்றால், தள்ளும்போது தன் எடையழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் காட்டும், எதிர்க்கும்போது மூன்று மடங்கு வரை காட்டும். தள்ளுவதை ஆக்டிவ் என்றும் எதிர்ப்பதை பாஸிவ் என்றும் எங்கள் பேச்சில் சொல்வோம்.

பாதுகாப்புக் காரணியை இதில் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. பாஸிவ் அழுத்தத்தை 1.5-ஆலோ 2-ஆலோ வகுக்கலாம். மண்ணின் வலுவையே, அதாவது உராய்வுக் கோணத்தின் டேஞ்சென்ட்டை 1.25-ஆல் வகுத்துவிட்டு மற்றதெல்லாம் இயல்பாகப் போடலாம். ஐரோப்பிய விதி யூரோகோட் 7-இல் ஒரு வழி இப்படிப் போகிறது. எதையும் வகுக்காமல் ஆழத்தைக் கண்டுபிடித்து, கடைசியில் ஆழத்தை மட்டும் 20 முதல் 40 சதவீதம் கூட்டலாம் என்பது பழைய பழக்கம். மென்பொருளில் இவை எல்லாமே ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் வருவது ஒரே பெயர், ஒரே மாதிரி எண்.

பையனை உட்காரவைத்து ஒரு தாளில் கையால் போட்டுக் காட்டினேன். 3 மீட்டர் உயர மணல் கரை, 30 பாகை, தண்ணீர் இல்லை, சுவரைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் நங்கூரம் இல்லை. அடிமுனையைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்கத் தேவையான ஆழம் சுமார் 2.8 மீட்டர். பாஸிவை 1.5-ஆல் வகுத்தால் 3.7 மீட்டர். 2-ஆல் வகுத்தால் 4.6 மீட்டர். சரி, இப்போது பாஸிவை விட்டுவிட்டு மண்ணின் வலுவை 1.25-ஆல் வகுத்துப் பார். மறுபடியும் 3.7. வலுவை 1.5-ஆல் வகுத்தால்? 4.6.

கடைசி இரண்டு விடைகளைப் பார்த்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வலுவின் மேல் வைத்த 1.25-ம் பாஸிவின் மேல் வைத்த 1.5-ம் ஒரே சுவர். வலுவின் மேல் 1.5 வைத்தால் அது பாஸிவின் மேல் வைத்த 2. ஒரு விதிநூல் 1.5 கேட்கிறது, நம் மென்பொருள் 1.5 காட்டுகிறது என்பதால் இரண்டும் பொருந்திவிட்டதாக ஆகாது. ஒன்று வலுவைப் பற்றிப் பேசியிருக்கலாம், மற்றது பாஸிவைப் பற்றிப் பேசியிருக்கலாம். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இரும்பு இருக்கிறது.

இதற்கு மேல் நிகர அழுத்த முறை என்று ஒன்று உண்டு. ஆக்டிவையும் பாஸிவையும் முதலில் கழித்துவிட்டு மிச்சத்தை 2-ஆல் வகுக்கும் முறை. பார்க்க 2 என்று பெரிதாக இருக்கும், ஆனால் அதனால் ஆழம் கூடுவது மிகக் கொஞ்சம். பர்லண்ட், பாட்ஸ், வால்ஷ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1981-லேயே இதை எடுத்துக்காட்டிவிட்டார்கள். எண் பெரியது என்பதற்காகச் சுவர் பலமானது என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, சுவருக்கும் மண்ணுக்கும் இடையிலான உராய்வு. ராங்கின் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் பாஸிவ் 3 மடங்கு. கூலம் சூத்திரத்தில் சுவர் உராய்வை 20 பாகை என்று போட்டால் அதே மண்ணுக்கு 6.1 வருகிறது. ஒரு எண்ணை மாற்றினால் எதிர்ப்பு இரண்டு மடங்கு! மண் நேர்கோட்டில் நழுவும் என்று கூலம் வைத்துக்கொள்வதால், உராய்வு கூடக்கூட அந்தச் சூத்திரம் பாஸிவை மிகையாகக் காட்டும். உண்மையில் வளைகோட்டில்தான் நழுவும். கக்கோ, கெரிசெல் அட்டவணைகள் அதற்காக வந்தவை. நான் முன்பக்க உராய்வை எப்போதும் குறைத்தே போடுவேன். வைப்ரோவில் அதிர்ந்து இறங்கிய தகட்டின் முகத்தில், சேறும் தண்ணீருமாக இருக்கும் இடத்தில், பாடப்புத்தக உராய்வு முழுசாக இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

வகுத்தது போதாதென்று மேலும் மேலும் வகுப்பவர்களும் உண்டு. பாஸிவை 2-ஆல் வகுத்து, வந்த ஆழத்தை மறுபடி 30 சதவீதம் கூட்டி, அந்தக் கணக்கிலிருந்தே வளைவுத் திருப்புத்திறனை, அதாவது தகட்டை வளைக்கப் பார்க்கும் விசையின் அளவை எடுத்து, இரும்புக்கு இன்னொரு காரணியும் போடுவார்கள். மேலே சொன்ன அதே சுவரில் வளைவுத் திருப்புத்திறன் காரணி இல்லாமல் மீட்டருக்கு 61 கிலோநியூட்டன் மீட்டர். பாஸிவை 1.5-ஆல் வகுத்தால் 77, 2-ஆல் வகுத்தால் 97. அமெரிக்க ராணுவப் பொறியாளர் கையேடு ஆழத்துக்கு ஒரு ஓட்டமும் இரும்பின் வலுவைத் தீர்மானிக்க மண் அழுத்தத்தில் காரணி 1 வைத்து இன்னொரு ஓட்டமும் போடச் சொல்வது இதனால்தான். இல்லாவிட்டால் ஒரே பயத்துக்கு இரண்டு முறை பணம் கட்டுவோம். அந்தப் பணம் அரசுப் பணம், அதாவது எங்கள் அப்பா மாதிரி ஆட்களின் வாய்க்காலைத் தூர்வாரப் போயிருக்க வேண்டிய பணம்.

இதுவரை சொன்னதெல்லாம் உலகத்தில் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். ஆற்றோரம் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஷீட் பைல் சுவர், கணக்கு போட்டது நான். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். மண் அறிக்கையைப் பார்த்து எண்களைக் கொடுத்தேன், 1.5-க்கு மேல் வந்தது, கையெழுத்தானது. மே மாதம் தகடு இறக்கி முடித்தார்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தது. சுவர் அசையவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருஷம் மேட்டூரில் இருப்பு குறைவு, அதனால் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். சில நாள் இந்த ஆறு, சில நாள் அந்த ஆறு. எங்கள் ஆற்றில் ஆறு நாள் நிறையத் தண்ணீர் ஓடியது. ஏழாம் நாள் தலைப்பில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். ராத்திரிக்குள் ஆறு ஒரு ஆள் உயரத்துக்கு இறங்கியது. காலையில் போன் வந்து ஓடிப்போய்ப் பார்த்தால், சுவரின் நடுப்பகுதி மேல்முனையில் ஒரு சாண் அளவுக்கு ஆற்றுப் பக்கம் சாய்ந்திருந்தது. பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகையின் தரை நீளவாக்கில் பிளந்திருந்தது. மாடுகளை அந்த வீட்டு அம்மா முன்பே அவிழ்த்துவிட்டிருந்தார்.

அந்தப் பகுதி லஸ்கர் கரையில் நின்றுகொண்டிருந்தார். முப்பது வருஷமாக அந்த ஷட்டர்களை ஏற்றி இறக்குகிறவர். "தண்ணி ஏறுறப்ப எனக்கு பயமில்லம்மா. எறங்குறப்பதான் கரையில நடந்துகிட்டே இருப்பேன்," என்றார்.

அலுவலகம் திரும்பிக் கோப்பைத் திறந்தேன். சுவருக்கு முன்னால் நீர்மட்டம், பின்னால் நீர்மட்டம் என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் ஒரே எண். மென்பொருள் திறந்ததும் இருக்கும் எண்ணை நான் தொடவே இல்லை. ஆறு நாளில் கரை மண் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து ஊறியிருந்தது. ஆறு இறங்கியபோது அந்தத் தண்ணீர் வெளியே வர வழியில்லை, ஏனென்றால் தகடுகள் கோத்திருக்கும் இடுக்குகளை வண்டல் அடைத்துவிட்டது. நான் தண்ணீர் வெளியேற ஓட்டைகளும் வைக்கவில்லை.

காய்ந்த மண் ஒரு மீட்டர் ஆழத்தில் தள்ளுவது, 30 பாகைக்கு, சுமார் 6 கிலோபாஸ்கல். அதே மண் நீரில் மூழ்கியிருந்தால் மிதப்பு போக மண்ணின் பங்கு 3 அல்லது அதற்குச் சற்று மேல். ஆனால் தண்ணீரின் பங்கு 9.8. மொத்தம் 13. மண்ணுக்குக் கிடைக்கும் மூன்றில் ஒரு பங்கு சலுகை தண்ணீருக்குக் கிடையாது. அது தன் முழு எடையோடும் பக்கவாட்டில் தள்ளும். நான் 1.5 என்று நம்பியது இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கும் ஓர் ஆற்றைப் பற்றிய எண். அப்படி ஒரு ஆறு தஞ்சாவூர், திருவாரூர் ஜில்லாவில் இல்லை.

நாங்கள் பயன்படுத்தும் பிளாக்ஸிஸ் என்ற மென்பொருள் பிறந்ததும் ஒரு டெல்டாவில்தான். 1987-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், அந்த நாட்டு நீர்த்துறை கேட்டுக்கொண்டபடி, தாழ்நிலத்து மென்மண்ணில் நிற்கும் ஆற்றங்கரைகளை ஆராய்வதற்காக அதைத் தொடங்கினார்கள். இதை முதலில் படித்தபோது எனக்கு உறவுக்காரர் வீட்டுச் செய்தி போல இருந்தது. ஆனால் அங்கே தாழ்நில வாய்க்கால்களின் மட்டத்தைப் பம்பு வைத்துக் கட்டுக்குள் வைத்திருப்பார்கள். நமக்கு ஜனவரி 28 முதல் ஜூன் 12 வரை ஆறு காய்ந்து கிடக்கும், அப்புறம் முறை வைத்து ஏறி இறங்கும், ஐப்பசியில் கரை தட்டும். ஏறி இறங்கும் இந்தக் கதையை மென்பொருள் தானாகத் தெரிந்துகொள்ளாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

அதையும் காரணியாகச் சொல்லக் கூடாது, மட்டமாகச் சொல்ல வேண்டும். நீர் அழுத்தத்தை 1.35-ஆல் பெருக்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். பெருக்கினால் தரைக்கு மேலேயும் தண்ணீர் நிற்பது போன்ற அழுத்தம் சில இடங்களில் வரும், உண்மையில் வரக்கூடிய மட்ட வித்தியாசம் வேறு சில இடங்களில் வராமலே போகும். பின்னால் நீர்மட்டம் கரை உச்சிக்கு அரை மீட்டர் கீழே, முன்னால் ஆறு வற்றிக் கிடக்கிறது என்று படமாகவே வரைந்துவிட வேண்டும்.

தண்ணீர் எங்கே நுழையும் என்று யோசிக்காமல் விட்டதற்கு உலகம் பார்த்த பெரிய உதாரணமும் ஒரு டெல்டாவில்தான் நடந்தது. மிசிசிப்பி டெல்டாவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், 17-ஆம் தெருக் கால்வாயின் கரையில் ஷீட் பைல் இறக்கி அதன் மேல் கான்கிரீட் சுவர் நிறுத்தியிருந்தார்கள். 2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல். தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடுவதற்கு முன்பே சுவர் கரையோடு நழுவியது. வெள்ளத்தில் சுவர் லேசாக வெளிப்பக்கம் வளைந்ததும் தண்ணீர்ப் பக்கத்தில் மண்ணுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பிளவு விழுந்தது. அந்தப் பிளவில் தண்ணீர் இறங்கி, தகட்டின் முழு ஆழத்துக்கும் தள்ளியது. கணக்கில் அந்தப் பிளவே இல்லை. இத்தனைக்கும் 1985-இல் லூசியானாவிலேயே இப்படி ஒரு தகட்டுச் சுவரை நிறுத்தி, தண்ணீர் நிரப்பிச் சோதித்திருந்தார்கள். அதிலும் இந்தப் பிளவு விழுந்தது.

அந்தச் சுவர்களுக்கு வைத்திருந்த பாதுகாப்புக் காரணி 1.3. வயல்களைக் காக்கும் கரைகளுக்காக வந்த எண், நகரத்துக்கும் அப்படியே வந்துவிட்டது என்று ஆய்வுக் குழு எழுதியது. வயலைக் காக்கும் கரைக்கு 1.3 போதும் என்று படித்தபோது நான் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. எங்கள் ஊரில் கரைக்கு இந்தப் பக்கம் வயல், வயலுக்கு இந்தப் பக்கம் வீடு, இரண்டுக்கும் நடுவே தூரம் என்று ஒன்று கிடையாது.

மணலை விட்டுக் களிக்கு வந்தால் கதையே வேறு. திருத்துறைப்பூண்டி தாண்டி வேதாரண்யம் பக்கம், நாகப்பட்டினம் கடலோரம் எல்லாம் போர்ஹோல் போட்டால் சில இடங்களில் கம்பி தன் எடையிலேயே இறங்கும். N வேல்யூ, அதாவது கம்பியை ஒரு அடி இறக்க எத்தனை சுத்தியல் அடி வேண்டும் என்ற எண், பூஜ்யம், ஒன்று என்று வரும். அந்த எண்ணை வைத்து வலுவைக் கண்டுபிடிப்பது ஊகம்தான். களிக்குள் இறக்கைத் தகட்டைத் திருகி வலுவை நேராக அளக்கும் வேன் டெஸ்ட் கேட்டு வாங்க வேண்டும். அப்படிப்பட்ட களியில் நங்கூரம் இல்லாத சுவருக்கு ஒரு எளிய சோதனை உண்டு. களியின் வெட்டு வலுவை நான்கால் பெருக்கு. பின்னால் நிற்கும் மண்ணின் உயரத்தை அதன் எடையால் பெருக்கு. முதல் எண் இரண்டாவதை விடப் பெரிதாக இருந்தால்தான் சுவர் நிற்கும். வலு 12 கிலோபாஸ்கல், மண் எடை கனமீட்டருக்கு 16 கிலோநியூட்டன், உயரம் 3 மீட்டர் என்றால் 48-க்கு 48. அதாவது தகட்டை 10 மீட்டர் இறக்கினாலும் 30 மீட்டர் இறக்கினாலும் நிற்காது. ஆழத்தை 40 சதவீதம் கூட்டும் பழக்கத்துக்கு இந்த இடத்தில் அர்த்தமே இல்லை. நங்கூரம் வேண்டும், அல்லது பின்னால் மண்ணைக் குறைக்க வேண்டும்.

களியில் மென்பொருளே ஏமாற்றும். எங்கள் பக்கத்தில் சிங்கப்பூருக்கு ஆள் போகாத தெரு இல்லை, அதனால் இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கும். 2004 ஏப்ரல் 20, நிக்கல் நெடுஞ்சாலை ஓரம் ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிக்கொண்டிருந்த 30 மீட்டர் பள்ளம் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அது ஷீட் பைல் இல்லை, மண்ணுக்குள்ளேயே வார்த்த கான்கிரீட் டயஃப்ரம் சுவர். மண் மென்மையான கடல் களி. தாங்கு உத்தரங்களின் இணைப்பு பலவீனமாக இருந்தது ஒரு காரணம். இன்னொன்று கணினிக் கணக்கு. தண்ணீர் வடிய நேரமில்லாத மென்களிக்கு, வடிந்த நிலையின் அளவைகளைக் கொடுத்து, வலுவை மென்பொருளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். எளிய மண் மாதிரி அந்தக் களிக்கு இல்லாத வலுவைக் கொடுத்தது, சுவர் வளைவதைக் குறைத்துக் காட்டியது. தவறான வலுவை 1.5-ஆல் வகுத்தாலும் வருவது தவறான வலுதான்.

பையனின் கணக்குக்குத் திரும்புகிறேன். அவன் பாஸிவை வகுத்திருந்தான், அது பரவாயில்லை. கரை மேல் வண்டிச் சுமை போடவில்லை. அறுவடை மெஷின் ஏற்றிய லாரி அந்தக் கரையில்தான் போகும், அதனால் 1.2 மீட்டர் மண்ணுக்குச் சமமான சுமையைச் சேர்க்கச் சொன்னேன். நீர்மட்ட வித்தியாசம் பற்றி மேலே சொல்லிவிட்டேன். துருவுக்கு அந்த இடத்தில் பெரிய பயமில்லை, உப்புத் தண்ணீர் அவ்வளவு தூரம் ஏறுவதில்லை. மிஞ்சியது ஆற்றின் அடிமட்டம். அவன் அதைப் பழைய வரைபடத்திலிருந்து எடுத்திருந்தான்.

மறுபடி தாளை எடுத்தோம். பாஸிவை 1.5-ஆல் வகுத்து 3.7 மீட்டர் வந்த அந்தச் சுவர். எளிய முறையில் ஆழத்தோடு 20 சதவீதம் சேர்ப்போம், மொத்தம் 4.4. இந்த 20 சதவீதம் பாதுகாப்புக்காக அல்ல, அடிமுனையில் வரும் எதிர்விசையை எளிமையாக்கிவிட்டதற்கு ஈடு. இப்போது சுவருக்கு முன்னால் ஆறு அரை மீட்டர் அரித்துவிட்டது என்று வை. பின்னால் உயரம் 3.5 ஆகிறது, முன்னால் பிடிமானம் அரை மீட்டர் குறைகிறது. கணக்குப் போட்டால் காரணி 1.0. ஒன்றரை முழுவதையும் அரை மீட்டர் அரிப்பு தின்றுவிட்டது. எதிர்பாராத தோண்டலுக்கென்று உயரத்தில் பத்தில் ஒரு பங்கை, அரை மீட்டருக்கு மிகாமல், தனியாகக் கூட்டச் சொல்கிறது யூரோகோட் 7. அது கவனமில்லாத ஜேசிபிக்குப் போதும். ரெகுலேட்டருக்குக் கீழே ஷட்டரிலிருந்து பாயும் தண்ணீருக்குப் போதாது.

அளந்தறிய முடியாத ஆழத்துக்கு இருக்கும் மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதைக் கல்லணையிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்ற பொருளில் ஆர்தர் காட்டன் எழுதியிருக்கிறார். கல்லைப் போட்டு, அது மணலில் இறங்க இறங்க மேலும் கல்லைப் போட்டு, இனி இறங்காது என்ற இடத்தில் கட்டியிருக்கிறார்கள். அரிப்பு எவ்வளவு ஆழம் போகும் என்பதை ஆற்றையே சொல்லவைத்தார்கள். நம்மிடம் அதற்கு நேரமில்லை, ஜூனுக்குள் முடிக்க வேண்டும். ஆனால் அளந்து பார்க்க நேரம் இருக்கிறது.

பையன் புது எண்களைப் போட்டு ஓட்டினான். அடிமட்டத்தை ஒரு மீட்டர் இறக்கி, ஆற்றை வற்றவைத்து, கரையை ஊறவைத்து, லாரியை ஏற்றி. 1.52 என்ற இடத்தில் 0.8 சொச்சம் சிவப்பில் வந்தது. தகடு நீளமாக வேண்டும், மேலே ஒரு வரிசை நங்கூரமும் வேண்டியிருக்கும். காண்ட்ராக்டரிடம் நானே பேசுகிறேன் என்று சொன்னேன். "அந்த ஒரு மீட்டர் சரியா மேடம்?" என்று அவனாகவே கேட்டான். எனக்கும் தெரியாது என்றேன். திங்கட்கிழமை விடிகாலை லஸ்கர் ஷட்டருக்கு வரும்போது நாங்களும் போகிறோம். பரிசல் ஒன்று சொல்லியிருக்கிறேன். கயிற்றில் குண்டு கட்டி, சுவர் வரப்போகும் கோட்டில் பத்து இடத்தில் ஆழம் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் ஆறு ஒவ்வொரு வருஷமும் குழி பறிக்கிறது என்று அவரையும் கேட்டு, படத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.